எதிராளியின் அலுமாரி: நாடாக்களில் கிடந்த மின்னஞ்சல்களின் கதை



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது நீதிமன்ற வரலாற்றில் ஒரு சிறு அத்தியாயம். நான் சட்டத்தரணி அல்ல. முப்பது வருடமாகக் கணக்குப் புத்தகங்களோடு வாழ்பவன். ஆனால் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், எப்போது கழித்துவிடலாம் என்ற கேள்வி என் மேசைக்குத் தினமும் வருகிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாறுதான் இன்றைய பொருள்.

முதலில் ஒரு கேள்வி. ஒருவர் உங்கள்மீது வழக்குப் போட்டிருக்கிறார். உங்கள் அலுமாரியில் ஒரு கடிதம் இருக்கிறது. அதை அவர் கண்டால் நீங்கள் தோற்றுப்போவீர்கள். அப்படி ஒரு கடிதம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதை நீங்கள் அவரிடம் கொடுக்க வேண்டுமா?

"எனக்கென்ன விசரா?" என்றுதான் எங்களில் அநேகர் கேட்பார்கள். ஆனால் இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகள் சொல்லும் பதில் வேறு. கொடுக்கத்தான் வேண்டும். உங்களுக்கும் உங்கள் சட்டத்தரணிக்கும் இடையில் நடந்த ஆலோசனைக் கடிதங்கள் போன்ற சில விலக்குகளைத் தவிர, வழக்கோடு தொடர்புள்ள ஆவணங்களை நீங்களே தேடி எடுத்து எதிராளியின் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் 'டிஸ்கவரி' என்று பெயர். தமிழில் ஆவண வெளிப்படுத்தல் என்று சொல்லலாம். அந்த ஆவணம் கடதாசியில் இல்லாமல் கணினியில் இருந்தால் அது 'இ-டிஸ்கவரி'.

பழைய காலத்து வழக்கம்

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக இரண்டு வகை நீதிமன்றங்கள் இருந்தன. ஒன்று பொதுச் சட்ட நீதிமன்றம். மற்றது மனச்சாட்சியையும் நியாயத்தையும் பார்த்துத் தீர்ப்பளித்த சான்சரி நீதிமன்றம். எதிராளியின் கையிலுள்ள ஆவணத்தைப் பார்க்க வேண்டுமானால், பொதுச் சட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவர்கூடச் சான்சரியின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. உண்மை தெரிந்தும் மறைப்பது மனச்சாட்சிக்கு விரோதம் என்பதே அங்கு அடிப்படை. 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்த இரண்டு மரபுகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தன.

அடுத்த சில வருடங்களுக்குள் ஒரு வழக்கு இந்தக் கடமையின் எல்லையை மிகவும் அகலமாக்கியது. பெரு நாட்டிலிருந்து பறவை எச்ச உரத்தைக் கப்பலேற்றி விற்ற 'பெருவியன் குவானோ' கம்பனியின் வழக்கு அது. 1882ஆம் ஆண்டு. நேரடியாகச் சான்றாகும் ஆவணம் மட்டுமல்ல, எதிராளியை இன்னொரு பயனுள்ள விசாரணைக்கு இட்டுச் செல்லக்கூடிய ஆவணத்தையும் காட்ட வேண்டும் என்று அங்கு சொல்லப்பட்டது. உரம் விற்ற கம்பனியின் வழக்கு நூறு வருடத்துக்கும் மேலாக ஆங்கில மரபு நீதிமன்றங்களில் அளவுகோலாக நின்றது.

எங்கள் ஊர்களுக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும், இந்தியாவின் 1908ஆம் ஆண்டுக் கோவையிலும் ஆவணங்களை வெளிப்படுத்தும் விதிகள் உண்டு. அமெரிக்கா 1938இல் தன் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குப் பொதுவான விதிகளை எழுதியபோது, இந்த உரிமையை எல்லோரையும் விடத் தாராளமாகக் கொடுத்தது. வழக்கு என்பது ஒளித்து விளையாடும் விளையாட்டாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

கடதாசிக் காலத்தில் இது நடைமுறைக்கு ஒத்துவந்தது. ஒரு கம்பனியின் கோப்புகள் பத்து அலுமாரியில் இருக்கும். இரண்டு இளம் சட்டத்தரணிகள் நான்கு கிழமை உட்கார்ந்தால் வாசித்து முடித்துவிடலாம். 1970இல் அமெரிக்க விதிகளில் 'தரவுத் தொகுப்பு' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். கணினி என்றால் ஓர் அறை நிறைய நிற்கும் இயந்திரம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. பிறகு வந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது.

அழித்தாலும் அழியாதது

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் அது போய்விடும். மின்னஞ்சல் அப்படியல்ல. 'டிலீட்' பொத்தானை அழுத்தும்போது, பெரும்பாலும் நூலகத்தின் பட்டியல் அட்டை மட்டும்தான் கிழிக்கப்படுகிறது. புத்தகம் இறாக்கையிலேயே இருக்கும், அந்த இடத்தில் வேறொரு புத்தகம் வைக்கப்படும் வரை. அனுப்பியவரிடம் ஒரு பிரதி, பெற்றவரிடம் ஒரு பிரதி, இடையில் அலுவலகச் சேர்வரில் ஒரு பிரதி.

போதாததற்குப் பேக்-அப் நாடாக்கள் வேறு. தீயோ வெள்ளமோ வந்து கணினி கெட்டுப்போனால் மீட்டெடுப்பதற்காக, நிறுவனங்கள் தம் சேர்வரில் உள்ளதையெல்லாம் நாடாவில் படியெடுத்து வைக்கும். முழுவதையும் ஒரே மூச்சில் மீட்பதற்காகச் செய்த நாடா அது. அதில் ஒரேயொரு மின்னஞ்சலைத் தேடுவது, ஒரு பற்றுச்சீட்டைக் காண்பதற்காக அந்த வருடப் பேரேடு முழுவதையும் மறுபடி எழுதுவது போன்ற வேலை.

ஆக, இரண்டு புதிய கேள்விகள் பிறந்தன. அழியாமல் கிடக்கும் இந்த ஆவணங்களைத் தோண்டி எடுக்கும் செலவை யார் கொடுப்பது? எந்த நாளிலிருந்து இவற்றை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்?

எங்கள் தொழிலுக்கு வந்த அவமானம்

இரண்டாவது கேள்வியை உலகம் முழுவதும் பேச வைத்தது என் சொந்தத் தொழில்தான். அது குற்றவியல் வழக்கு என்றாலும் இந்தக் கதையில் அதை விட முடியாது.

உலகின் ஐந்து பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது ஆர்தர் அண்டர்சன். உலகெங்கும் ஏறத்தாழ 85,000 ஊழியர்கள். அவர்கள் கணக்காய்வு செய்த என்ரோன் கம்பனி 2001இன் பிற்பகுதியில் சரியத் தொடங்கியது. ஒக்டோபர் மாதத்தில், நிறுவனத்தின் 'ஆவணம் வைத்திருத்தல் கொள்கையை'ப் பின்பற்றுங்கள் என்ற நினைவூட்டல்கள் அண்டர்சன் ஊழியர்களுக்குப் போயின. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்கான வாக்கியம்! ஆனால் விளைவு, கடதாசிகள் குவியல் குவியலாக அரைக்கப்பட்டதும் கணினிக் கோப்புகள் அழிக்கப்பட்டதும்தான். பங்குச் சந்தை ஆணையத்தின் அழைப்பாணை நவம்பர் 8ஆம் திகதி வந்த பிறகுதான் அது நின்றது.

2002 யூன் மாதத்தில் ஜூரிகள் அண்டர்சனைக் குற்றவாளி என்றார்கள். 2005 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏகமனதாக ரத்துச் செய்தது. தவறு என்று தெரிந்தே செய்தார்களா என்பதை ஜூரிகளுக்குச் சரியாக விளக்கவில்லை என்பது காரணம். ஆனால் அதற்குள் நிறுவனம் இல்லாமலே போய்விட்டது. இடையில் 2002 யூலையில் வந்த சார்பேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டம், விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆவணம் அழிப்பவருக்கு இருபது வருடம் வரை சிறை என்று எழுதிவைத்தது.

ஒரு கொள்கைப் பத்திரம் இருப்பது மட்டும் பாதுகாப்பல்ல, அதைத் திடீரென்று எந்த நாளில் நினைவுபடுத்துகிறோம் என்பதையும் உலகம் பார்க்கும். கணக்காளர்களாகிய நாங்கள் அன்று படித்த பாடம் அதுதான்.

ஒரு பெண்ணும் எழுபத்தேழு நாடாக்களும்

இனிக் கதையின் மையத்துக்கு வருவோம்.

லோரா ஸுபுலேக் 1999 ஓகஸ்டில் நியூயோர்க்கில் யு.பி.எஸ். வார்பேர்க் என்ற முதலீட்டு வங்கியில் சேர்ந்தார். ஆசியப் பங்குகளை விற்கும் பிரிவில் மூத்த விற்பனையாளர். பெரிய சம்பளம். பிரிவின் மேலாளர் பதவி காலியானபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. புதிதாக வந்த மேலாளர் தன்னைப் பெண் என்பதால் மட்டம் தட்டுகிறார், ஆண்களுக்கு ஒரு நடைமுறை தனக்கு வேறொரு நடைமுறை என்பது அவரது முறைப்பாடு. 2001 ஓகஸ்ட் 16இல் சமவாய்ப்பு ஆணைக்குழுவில் முறையிட்டார். ஒக்டோபரில் வேலை போயிற்று. 2002 பெப்ரவரியில் வழக்குப் போட்டார்.

வழக்கில் அவர் தரப்பு கேட்டது எளிமையானது: என்னைப் பற்றி உங்கள் ஊழியர்களுக்குள் நடந்த எல்லாத் தொடர்பாடல்களையும் தாருங்கள். வங்கி ஏறத்தாழ 350 பக்கம் கொடுத்தது. அதில் மின்னஞ்சல் சுமார் 100 பக்கம். இவ்வளவுதான், எல்லாம் கொடுத்தாயிற்று என்ற தோரணை.

இங்கேதான் வங்கி எதிர்பாராதது நடந்தது. ஸுபுலேக்கிடமே சுமார் 450 பக்க மின்னஞ்சல்கள் இருந்தன. தனி ஆள் ஒருவர் தன் கையில் 450 பக்கம் வைத்திருக்க, பெரிய வங்கி முழுவதிலும் தேடி 100 பக்கம்தான் கிடைத்ததாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மீதி பேக்-அப் நாடாக்களில் இருக்க வேண்டும். வங்கி தன் நாள் நாடாக்களை 20 வேலைநாளும், வாராந்த நாடாக்களை ஒரு வருடமும், மாதாந்த நாடாக்களை மூன்று வருடமும் வைத்திருப்பது வழக்கம். தொடர்புள்ளவை 77 நாடாக்கள் என்று கணக்கிடப்பட்டது. மீட்பதற்கு 175,000 டொலர் ஆகும், அதைச் சட்டத்தரணிகள் வாசிக்கும் செலவு வேறு, வழக்காளி வேண்டுமானால் அவரே கட்டட்டும் என்றது வங்கி.

வழக்கைக் கேட்டவர் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின். 2003 மே மாதம் அவர் சொன்ன தீர்மானம் மிகவும் நடைமுறை சார்ந்தது. கணினித் தரவு எல்லாம் ஒன்றல்ல. உடனே திறக்கக்கூடியது ஒரு வகை, நாடாவில் கிடப்பதும் சிதறிக் கிடப்பதும் இன்னொரு வகை. உடனே எடுக்கக்கூடியதைக் கொடுப்பவரே தம் செலவில் கொடுக்க வேண்டும். எடுக்கக் கடினமானதற்கு மட்டும் செலவைப் பகிர்வது பற்றி யோசிக்கலாம். அதைத் தீர்மானிக்க ஏழு அம்சங்களைப் பட்டியலிட்டார். கேட்பது எவ்வளவு குறிப்பானது, வேறு வழியில் கிடைக்குமா, வழக்கின் பெறுமதிக்கு முன் செலவு எவ்வளவு என்பவை அவற்றில் முக்கியமானவை.

பிறகு அவர் செய்ததை நான் மிகவும் ரசித்தேன். ஊகத்தில் வாதாட வேண்டாம், வழக்காளி விரும்பும் ஐந்து நாடாக்களை வங்கி தன் செலவில் மீட்டுப் பார்க்கட்டும் என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்! கணக்காய்வாளர்கள் மாதிரி எடுத்துப் பார்க்கும் அதே முறை.

ஐந்து நாடாக்களில், ஒரே மின்னஞ்சல் திரும்பத் திரும்ப வருவதைக் கழித்த பிறகு, 1,075 மின்னஞ்சல்கள். அவற்றில் சுமார் 600 வழக்கோடு தொடர்புள்ளவை. மீட்டுத் தேடிய செலவு 11,524 டொலர் 63 சதம். வாசித்த செலவோடு சேர்த்து 19,003 டொலர் 43 சதம். ஒரு நாடாவுக்கு இவ்வளவு என்று வகுத்து, மீதி 72 நாடாக்களுக்குப் பெருக்கினார்கள். மீட்டுத் தேட 165,954 டொலர். வாசிக்க 107,694 டொலர். 2003 யூலையில் வந்த தீர்மானத்தின்படி மீட்கும் செலவில் கால் பங்கு வழக்காளிக்கு, முக்கால் பங்கு வங்கிக்கு. தன் ஆவணத்தைத் தானே வாசிக்கும் செலவு முழுவதும் வங்கிக்கு. வழக்காளியின் பங்கு ஏறத்தாழ 41,500 டொலர். வேலை இழந்த ஒருவருக்குச் சிறிய தொகையல்ல. ஆனால் கதவு திறந்தது.

காணாமற்போன நாடாக்கள்

நாடாக்களை மீட்கத் தொடங்கியபோது இன்னொன்று வெளிவந்தது. சில நாடாக்களைக் காணவில்லை. சில மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டிருந்தன.

வங்கியின் சட்டத்தரணிகள் 2001 ஓகஸ்டிலேயே, ஆவணங்களை அழிக்க வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாடாக்களைப் பற்றி அதில் குறிப்பாக எதுவும் இல்லை. நாடாக்களை மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்று கணினிப் பகுதிக்குச் சொன்னது ஒரு வருடம் கழித்து, 2002 ஓகஸ்டில்.

சரி, பாதுகாக்கும் கடமை எந்த நாளில் தொடங்குகிறது? வழக்குப் போட்ட நாளிலா? ஆணைக்குழுவில் முறையிட்ட நாளிலா? 2003 ஒக்டோபரில் நீதிபதி சொன்ன பதில்: அதற்கும் முன்னர், 2001 ஏப்ரலிலேயே. ஏனென்றால் அந்த மாதம் முதல், ஸுபுலேக் பற்றிய சில மின்னஞ்சல்களுக்கு 'சட்டத்தரணி - கட்சிக்காரர் இரகசியம்' என்ற பொருளில் தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சல்களில் சட்டத்தரணி எவரும் இல்லை. சட்ட ஆலோசனையும் இல்லை. மறைப்பதற்காகப் போட்ட தலைப்பே, வழக்கு வரும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது வோல் ஸ்ட்ரீட்டுக்கும் பொருந்துகிறது.

2004 யூலை 20இல் வந்த ஐந்தாவது தீர்மானம்தான் சட்டத்தரணிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. அழிக்காதீர்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போவது போதாது என்றார் நீதிபதி. முக்கியமான ஊழியர் ஒவ்வொருவரோடும் நேரில் பேச வேண்டும். காலத்துக்குக் காலம் நினைவூட்ட வேண்டும். அவர்களிடம் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். நாடாக்களைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொன்னார்? எச்சரிக்கைக்குப் பிறகும் சில ஊழியர்கள் மின்னஞ்சல்களை அழித்திருந்தார்கள். இன்னும் சிலரிடம் அவர்கள் வைத்திருந்ததை ஒருவரும் கேட்கவே இல்லை. மனிதவளப் பகுதி ஊழியர் ஒருவர், தன்னிடம் 'ஆர்கைவ்' இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது தன் கணினியில் தானே சேமித்து வைத்த கோப்பை. சட்டத்தரணி விளங்கிக்கொண்டது பேக்-அப் நாடாவை. ஒரே சொல், இரண்டு அர்த்தம், அதற்கிடையில் ஆவணம் நின்றுவிட்டது. நேயர்களே, கணினியால் வந்த குழப்பம் என்று நாங்கள் சொல்லும் பலவற்றுக்குள் போய்ப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். மனிதர் மனிதரோடு சரியாகப் பேசாததுதான் அடியில் கிடக்கும்.

அழிக்கப்பட்ட மின்னஞ்சல்கள் வங்கிக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம் என ஜூரிகளுக்குச் சொல்லப்படும் என்று நீதிபதி அறிவித்தார். இல்லாத கடிதம், இருக்கும் கடிதத்தை விட ஆபத்தானதாகிவிட்டது. 2005 ஏப்ரலில் ஜூரிகள் வழங்கியது 29.3 மில்லியன் டொலர். அதில் 20.2 மில்லியன் தண்டனையாக விதித்த தொகை. பின்னர் இரு தரப்பும் சமரசமாகின.

தொடர்ந்த அதிர்வுகள்

அதே வருடம் புளோரிடாவில் இன்னொரு இடி. கோல்மன் என்ற கம்பனியைச் சன்பீம் கம்பனிக்கு விற்றவர்கள், சன்பீமின் பொய்க் கணக்கால் தாங்கள் ஏமாந்ததாகவும், சன்பீமுக்கு ஆலோசகராக இருந்த மோர்கன் ஸ்டான்லி வங்கிக்கும் அதில் பங்குண்டு என்றும் வழக்குப் போட்டார்கள். எல்லா மின்னஞ்சலையும் கொடுத்தாயிற்று என்று வங்கி அத்தாட்சி கொடுத்தது. ஆனால் நியூயோர்க்கின் புரூக்ளினில் தேடாத 1,423 நாடாக்கள் இருந்தன. கோபமடைந்த நீதிபதி, வழக்காளி சொன்னவற்றில் பலவற்றை நிரூபிக்கப்பட்டவையாகவே எடுத்துக்கொள்ளும்படி ஜூரிகளுக்குச் சொன்னார். வந்த தீர்ப்பு 1.45 பில்லியன் டொலர்! 2007இல் மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது. நட்டத்தின் அளவைச் சரியாக நிரூபிக்கவில்லை என்பது காரணம். ஆனால் அந்த எண்ணைக் கேட்ட ஒவ்வொரு நிறுவனத் தலைவரும் தன் நாடாக்கள் எங்கே என்று விசாரித்திருப்பார்.

2006 டிசெம்பர் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் 'மின்னணு முறையில் சேமித்த தகவல்' என்ற தனிச் சொற்றொடர் ஏறியது. வழக்கின் தொடக்கத்திலேயே இரு தரப்பும் அமர்ந்து, எதைத் தேடுவது, எந்த வடிவில் கொடுப்பது என்று பேச வேண்டும் என்றும் விதி வந்தது.

நாங்கள் வாழும் விக்டோரியாவுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மெல்பேர்ணைச் சேர்ந்த ரோலா மக்கேப் பன்னிரண்டு வயதில் புகைக்கத் தொடங்கி, நுரையீரல் புற்றுநோயோடு ஒரு புகையிலை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். அந்த நிறுவனம் முன்னரே ஆயிரக்கணக்கான ஆவணங்களை அழித்துவிட்டதால் நியாயமான விசாரணை சாத்தியமில்லை என்று கூறி, 2002 மார்ச்சில் நீதிபதி ஈம்ஸ் அதன் எதிர்வாதத்தையே தள்ளுபடி செய்தார். ஜூரிகள் 700,000 டொலர் வழங்கினார்கள். ஒக்டோபரில் அந்தப் பெண் இறந்தார். டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. வழக்குத் தொடங்கும் முன் அழித்ததைத் தண்டிக்க, நீதியைத் திரிக்க முயன்றார்கள் என்ற அளவுக்குக் காட்ட வேண்டும் என்றது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் விக்டோரியா நாடாளுமன்றம் 2006இல் ஆவண அழிப்புக் குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழக்குக்குத் தேவைப்படக்கூடும் என்று தெரிந்தே, அதைத் தடுக்கும் நோக்கத்தோடு அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை. வழக்கு இன்னும் தொடங்காவிட்டாலும் அது பொருந்தும்.

கணினியை வாசிக்கக் கணினி

செலவுப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. மின்னஞ்சல்கள் இலட்சத்திலிருந்து கோடிக்குப் போயின. மனிதர் வாசித்து முடிக்க வழியில்லை. அப்போது வந்ததுதான், சட்டத்தரணி சில நூறு ஆவணங்களைத் 'தொடர்புள்ளது, தொடர்பில்லாதது' என்று பிரித்துக் காட்ட, அதைப் பார்த்து மீதியைக் கணினி தரம் பிரிக்கும் முறை. 2012 பெப்ரவரியில் நியூயோர்க் நீதிபதி அன்ட்ரூ பெக் இதை ஏற்றார். 2016இல் இங்கிலாந்தும், அதே வருட இறுதியில் எங்கள் விக்டோரியா உயர் நீதிமன்றமும் ஏற்றன.

இதில் ஒரு விசித்திரம். இந்த மென்பொருள் முறைகளைப் பரிசோதிக்க ஆராய்ச்சியாளருக்குப் பெரிய ஆவணக் குவியல் தேவைப்பட்டது. 2006 முதல் அவர்கள் பயன்படுத்தியது, வழக்குகளால் வெளியே வந்த அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் ஆவணங்கள். பிறகு பயன்படுத்தியது, 2003இல் அரசாங்கம் வெளியிட்ட என்ரோன் ஊழியர்களின் மின்னஞ்சல்கள். ஒளிந்திருக்கும் கடிதத்தைத் தேடும் வித்தையை உலகம் பழகியது இவற்றை வைத்துத்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கடமை சில வேளை ஆயுதமாகிறது. பணமுள்ள தரப்பு இலட்சக்கணக்கான ஆவணங்களைக் கொட்டி, வாசித்துப் பார் என்று ஏழைத் தரப்பை மூழ்கடிக்கலாம். சிறு வியாபாரி ஒருவர், தேடும் செலவுக்குப் பயந்தே தன் பக்கம் நியாயம் இருந்தும் சமரசமாகலாம். அதனால் 2015 டிசெம்பரில் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டன. கேட்பது வழக்கின் பெறுமதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மின்னணு ஆவணம் அழிந்துபோனால், எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்ற நோக்கம் இருந்தால்தான் ஜூரிகளுக்கு அந்தப் பாதக ஊகத்தைச் சொல்லலாம். கவனக்குறைவு மட்டும் போதாது. விக்டோரியாவின் 2010ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் செலவு அளவோடு இருக்க வேண்டும் என்கிறது. வழக்குக்கு மிக முக்கியமான ஆவணம் இருப்பதைக் கூடிய விரைவில் தெரியப்படுத்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

நாடாவின் காலம் போய், தானாக மறையும் குறுஞ்செய்திகளின் காலம் வந்துவிட்டது. ஆனால் கேள்வி மாறவில்லை. ஊழியர்களின் உரையாடல் செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக அழிய விட்டதற்காக, 2023இல் கலிபோர்னியா நீதிமன்றம் கூகிளைக் கண்டித்தது. உலகத்தின் தகவலையெல்லாம் தேடித் தரும் நிறுவனத்துக்கு, தன் சொந்தச் செய்திகளைப் பாதுகாக்க முடியவில்லையாம்!

எங்களுக்கு இதில் என்ன?

கடையோ, துப்புரவு ஒப்பந்தமோ, வாடகை வீடோ நடத்தும் எங்கள் உறவுகள் என்னிடம் கேட்பது ஒன்றே: "எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் அண்ணை?" அவுஸ்திரேலியாவில் கம்பனி நிதிப் பதிவுகளுக்கு ஏழு வருடம், வருமான வரிப் பதிவுகளுக்குப் பொதுவாக ஐந்து வருடம். ஆனால் இந்த எண்கள் சாதாரண காலத்துக்கு. தகராறு ஒன்று வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்த நாளில் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. அழைப்பாணை வரும் வரை காத்திராதீர்கள். பங்காளியோடு பேச்சு முறிந்த நாள், ஊழியர் முறையிடுவேன் என்று சொன்ன நாள், அன்றிலிருந்து ஒன்றையும் கழிக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் உள்ள வட்ஸ்அப் செய்தியும் ஆவணம்தான். மகனின் பழைய கணினியைக் குப்பைக்கு எறியும் முன்னும் யோசியுங்கள். விவரம் வேண்டுவோர் ஒரு சட்டத்தரணியைக் கேட்க வேண்டும்.

வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ஸுபுலேக்கின் கையில் இருந்த அந்த 450 பக்கம் இல்லாவிட்டால், வங்கி கொடுத்த 100 பக்கமே முழு உண்மையாக நின்றிருக்கும். அலுவலகத்தின் இரகசியங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி நான் சொல்லவில்லை. அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும். உங்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, உங்கள் முறைப்பாடு, அதற்கு வந்த பதில் ஆகியவற்றைத் திகதி வாரியாக வைத்திருங்கள். நாட்டை விட்டு வரும்போது பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்த சனம் நாங்கள். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி எங்களுக்கு விளங்காததல்ல.

இந்த விதிகளால் செலவு கூடியது, வழக்குகள் நீண்டன என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆனாலும் கணக்காளராக என் கருத்து இது: பெரிய நிறுவனத்தின் பேரேட்டைத் திறந்து பார்க்கச் சாதாரண ஊழியர் ஒருவருக்கு இருக்கும் வழிகளில் இதைவிட வலிமையானது இல்லை. அந்த வழியைச் செலவு என்ற பெயரில் அடைத்துவிட்டால், நீதிமன்றத்தில் இரு தரப்பும் சமம் என்ற பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.